உளுந்தூர்பேட்டை வரைக்கும் உயிரோடு

கோமுகி அணை மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அணையில் தண்ணீர் இல்லாத நாளில் செய்கிற சத்தியம் செல்லாது என்று கச்சிராயபாளையத்துக்காரர்கள் சொல்வார்கள். அதனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். முக்கால் அணைக்குத் தண்ணீர் நிற்கிறது. மிச்சம் கால் அணைக்கு உண்டான சந்தேகத்தை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்தவர் அப்துல் ஜலீல் பாய். கல்வராயன் மலையிலிருந்து தேன், புளி, கடுக்காய், சாமை என்று எது இறங்கினாலும் முதலில் அவர் கடை வாசலில்தான் மூச்சு வாங்கும். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி, காதில் செருகிய ஒரு பேனா. அந்தப் பேனாவில் மை இருந்து யாரும் பார்த்ததில்லை. தேன் வியாபாரியான அவருக்குச் சர்க்கரை வியாதி. நாக்கில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, டின் மூடியைத் திறந்து மூக்கைக் காட்டியே தரம் சொல்லிவிடுவார். "இதுல சர்க்கரைப் பாகு ஜாஸ்தி" என்று அவர் தள்ளிவிட்ட டின்னை அப்புறம் எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது.

பாய் மலைக்குப் போய்வந்த கதைகள் ஊரறிந்தவை. ஒரு மார்கழியில் கரியாலூர் பக்கம் பனி அப்படி இறங்கியிருந்தது. ஸ்டாண்டு உடைந்துபோன தன் டி.வி.எஸ். வண்டியை அவர் அந்தப் பனியின் மேலேயே சாய்த்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். டீ சூடாக இருந்ததால் கொஞ்சம் தாமதம். அதற்குள் வெயில் வந்து பனி விலக, வண்டி கீழே விழுந்து ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. உடைந்த கண்ணாடியோடுதான் அந்த வண்டி கடைசிவரை ஓடியது. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? இன்னொரு தடவை தேன் டின்னோடு பஸ் ஏறினவரின் பின்னாலேயே ஒரு கூட்டுத் தேனீ முழுவதும் ஏறிக்கொண்டது. கண்டக்டர் மனசாட்சி உள்ள மனிதர். தேனீக்களுக்கு டிக்கெட் போடாமல் லக்கேஜ் மட்டும் போட்டார்.

அந்த வருஷம் மலையில் தேன் கொட்டு கொட்டென்று கொட்டியது. வெள்ளிமலைக்குப் போயிருந்த பாய், சந்தோஷத்தில் தேன் எடுக்கும் வேடியப்பனிடம் வாயை விட்டுவிட்டார். "எவன் வூட்டு டின்னா இருந்தாலும் சரி, இறக்கு வேடியப்பா. மொத்தத்தையும் நான் எடுத்துக்கறேன்." வேடியப்பனும் ஊர் முழுக்கச் சொல்லி இறக்கிவிட்டான். டின்கள் வந்தன. வாங்குகிறவர்கள்தான் வரவில்லை. ஜனங்கள் பெரிய கடைக்குப் போய், கரடி படம் போட்ட பாட்டிலைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் டின்கள் நின்றதால் பாய் நிற்க இடமில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொடுத்த வாக்கு உள்ளே அடுக்கடுக்காய் நிற்க, வெளியே உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து போன் வந்தது. இயற்கைப் பொருள் விற்கிற ஒரு கம்பெனி. பேசியது கலையரசி என்கிற பெண்.

"சார், உங்க சாம்பிள் தேன் டெஸ்ட்ல பாஸாயிடுச்சு. ஆனா எங்க கஸ்டமருங்க தேன் வாங்கறதில்ல சார், கதைதான் வாங்கறாங்க. பாட்டில்ல போட உங்களைப் பத்தி ஒரு ப்ரொஃபைல் வேணும். நூறு வார்த்தை. படிச்சா மனசுல நிக்கணும். அதைப் பார்த்துட்டுதான் எம்.டி. ஆர்டர் முடிவு பண்ணுவாரு."

"அனுப்பறேம்மா."

"இன்னொண்ணு சார், தேர்ட் பெர்சன்ல இருக்கணும்."

"இன்னாது?"

"தேர்ட் பெர்சன் சார். மூணாவது ஆள் சொல்ற மாதிரி."

"சரிம்மா, சரிம்மா" என்றார் பாய். புரியாததை இரண்டாவது தடவை கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. போனை வைத்துவிட்டு யோசித்தார். மூணாவது ஆள்தான் சொல்ல வேண்டும் என்றால், அதற்கு முன்னால் இரண்டு பேர் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? முதல் ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை. பக்கத்துக் கடையில் மை உள்ள பேனா வாங்கிவந்து உட்கார்ந்தார்.

'நான் தேன் விற்கிறேன்' என்று எழுதினார். ரொம்ப நேரம் கழித்து 'நல்ல தேன்' என்று சேர்த்தார்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவருக்கே ஆச்சரியம். தேனீயைப் பற்றிச் சொல்லச் சொன்னால் கடை சாத்துகிறவரை பேசுவார். டின்னைக் காலால் ஒரு தட்டு தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். தன்னைத் தட்டிப் பார்த்தால் மட்டும் சத்தமே வரவில்லை. நிறைந்திருந்தாலும் சத்தம் வராது, டின்னே இல்லாவிட்டாலும் வராது. இது இரண்டில் எது என்று தெரியாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது ஆள் வீட்டில் இருந்தாள். அவர் மனைவி ஷாஜாதி.

"என்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு பாக்கலாம்."

"இன்னாத்துக்கு? மறுபடியும் கண்ணாலம் பண்ணிக்கப் போறீங்களா?"

"தேனுக்குடீ. மெட்ராஸ்ல கேக்கறாங்க."

ஷாஜாதி வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். "கோவம் ஜாஸ்தி, காது கம்மி. வாய் குடுத்தா திருப்பி வாங்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் 'எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்'னு சொல்லிட்டு வூட்டுல வந்து முழிக்கறது. ராத்திரில டப்பாவைத் தொறந்து திருட்டுத்தனமா தேன் நக்கறது. சத்தம் கேக்காதுன்னு நெனப்பு."

"இதெல்லாம் பாட்டில்ல போட முடியுமா?"

"கேட்டீங்க, சொன்னேன்."

ஆக, மூன்றாவது ஆள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த சுபுஹான்தான். ஊரில் யாருக்கு எந்தப் புகழ் வந்தாலும் அவன் மிஷின் வழியாகத்தான் வரும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஐந்தே மாதிரி வைத்திருந்தான். மனித வாழ்க்கை முழுவதும் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும் என்பது அவன் அனுபவம். ஆறாவதாக ஒன்று வேண்டும் என்று யாரும் அவனிடம் வந்ததில்லை.

"உக்காருங்க சாச்சா. போட்டோ குடுத்துருங்க. இன்னா விசேசம்?"

"என்னைப் பத்தி எழுதணும். படிச்சா மனசுல நிக்கணும்."

சுபுஹான் வெள்ளைத் தாடியைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தாடிக்குப் பொருத்தமான மாதிரியைத் திறந்தான். பாய் பனியில் சாய்த்த வண்டியைப் பற்றிச் சொன்னார். லக்கேஜ் போட்ட தேனீக்களைப் பற்றிச் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம் சாச்சா, மெட்ராஸ்காரன் நம்ப மாட்டான். பொதுவா போட்டுடலாம். குணம், சேவை, அந்த மாதிரி."

"வயசாயிடுச்சு, இவரால இனிமே ஏற முடியாதுன்னு நெனைச்சுக்கப் போறாங்கடா. நேத்துகூட மலை ஏறினேன்ல? அத்தப் போடு. அதுதான் முக்கியம்."

சுபுஹான் சொன்னதைச் செய்கிறவன். தட்டிமுடித்து, கலையரசி நம்பருக்கு அப்படியே வாட்ஸப்பில் அனுப்பினான். நன்றாக வந்திருந்ததால் தன் ஸ்டேட்டஸிலும் வைத்துக்கொண்டான். பாய் கண்ணாடி கொண்டுவராததால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "தாடி நல்லா கீது" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதில் இருந்தது இதுதான். 'தேனினும் இனிய குணம் கொண்டவரும், எளியோரின் தோழருமான மலைத்தேன் மாமணி ஜனாப் அப்துல் ஜலீல் அவர்கள், முப்பது ஆண்டுகள் மலைக்கும் ஊருக்கும் பாலமாக வாழ்ந்து, நேற்று மலையேறினார். அன்னாரின் தேன் என்றும் நம்மோடு.'

மேலே பிறை. இரண்டு ஓரமும் காலியாக இருந்ததால் ஓரத்துக்கு ஒன்றாக எரிகிற விளக்கு.

கள்ளக்குறிச்சியில் மலையேறினார் என்றால் கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் போனார் என்று அர்த்தம். சாயங்காலம் இறங்கிவிடுவார். மலை இல்லாத ஊரில் விளக்கு மலையேறும், சாமி மலையேறும், போன காலம் மலையேறும்; எதுவும் இறங்கி வராது.

மறுநாள் காலை பாய் நாஸ்டாவில் உட்கார்ந்திருந்தார். போனை ஷாஜாதி எடுத்தாள். ஈரக் கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் கலையரசி. நேத்து ராத்திரிதான் பார்த்தேன். மனசே சரியில்லம்மா. ரெண்டு நாள் முன்னாடிதான் என்கிட்ட பேசினாரு. நல்லா பேசினாரே."

"ஆமாம்மா, நல்லாதான் பேசுவாரு" என்றாள் ஷாஜாதி, எதிரே இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி.

"எங்க எம்.டி. படிச்சுட்டு அழுதுட்டாரும்மா. எல்லா கடைக்கும் அவரோட தேன்தான் வைக்கணும்னு சொல்லிட்டாரு. அந்த படம், அந்த விளக்கு, அதே வரி, அப்படியே லேபிள்ல போடறோம். பிரிண்டுக்குக்கூடக் குடுத்தாச்சு."

வாய் நிறைய இடியாப்பத்தோடு பாய் விரலை உதட்டில் வைத்தார். ஷாஜாதி பொய் சொல்லமாட்டாள். உண்மையைச் சொல்லவும் விரல் விடவில்லை. "அல்லாஹ் போதுமானவன்" என்று மட்டும் சொன்னாள். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தியது. போன் நின்றது.

"இன்னாங்க இது?"

"எல்லாக் கடைக்கும்னு சொல்லுதுடீ அந்தப் பொண்ணு. மொத்த டின்னும் போயிடும். மலைக்காரனுக்குக் குடுத்த வாக்கு நின்னுடும்."

"நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லுது!"

"மெட்ராஸ்ல மட்டும்தானே?" பாய் சமாதானமாகச் சொன்னார். "மெட்ராஸ் ரோட்டுல உளுந்தூர்பேட்டை வரைக்கும் உயிரோட இருக்கேன். அதைத் தாண்டினா மய்யித்து. நான் என்ன மெட்ராஸுக்கா போய்க்கினு கீறேன்?"

"அப்போ புருசன் போனவளா நான் இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள் வெளிய தலை காட்டக் கூடாது. மார்க்கெட்டுக்கு யார் போறது? இந்த மய்யித்தா?"

பாய் கடைக்குப் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுபுஹானின் எழுத்தை முதல்முறையாக முழுவதும் படித்தார். இனிய குணம். எளியோரின் தோழர். பாலம். ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் பொய் என்று தள்ள முடியவில்லை. ஆனாலும் பாகு வாடை. இதே வார்த்தைகளைச் சுபுஹான் போன மாதம் சங்கராபுரத்து உர வியாபாரி ஒருவருக்கும் போட்டிருந்தான். அதற்கு முன்மாதம் ஒரு கவுன்சிலரின் மாமனாருக்கு. பேரை மட்டும் மாற்றினால் யாருக்கும் சேரும். முப்பது வருஷம் மலையேறி இறங்கியதில் தனக்கென்று ஒரு வார்த்தை மிஞ்சவில்லையா என்று அவருக்குத் தோன்றியது. சாவைவிட அதுதான் உறுத்தியது.

உச்சி வெயிலில் கடைவாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு ரோஜா மாலை. வேடியப்பன். வெள்ளிமலை டீக்கடையில் யாரோ போனில் சுபுஹானின் ஸ்டேட்டஸைக் காட்ட, கிடைத்த பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பாயைப் பார்த்தான்.

"இன்னா பாய், இருக்கீங்க!"

"இருக்கேன்ப்பா. உக்காரு."

"செத்துட்டீங்கன்னாங்க."

"கொஞ்சம் தப்பாயிடுச்சு."

வேடியப்பன் படியில் உட்கார்ந்தான். கண்ணைத் துண்டால் துடைத்தான். அப்புறம் கோபம் வந்தது. "மாலை வாங்கிக்கினு வந்துட்டேன். பூக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

"விடு. இன்னொரு டீ சொல்றேன்."

பாய் நடந்ததை எல்லாம் சொன்னார். சென்னைக்காரி கேட்டது, மூணாவது ஆள், சுபுஹான், விளக்கு. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்போ சிக்கல் இன்னான்னா வேடியப்பா, நான் செத்தா உன் தேன் போவும். இருந்தா போவுமான்னு தெரியாது. நீ சொல்லு. இன்னா பண்ணலாம்?"

வேடியப்பன் டீயை ஆற்றினான். "தேன் எங்க பாய் போவப்போவுது? வெச்சா கெடாது. அடுத்த வருசமும் கொட்டும். இதுக்குப் போய் சாவாங்களா யாராவது?"

பாய் மாலைக் கவரைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அது சரி, மாலையெல்லாம் வாங்கினியே. இங்க வந்து நாலு பேர் முன்னாடி என்னைப் பத்தி இன்னா சொல்லலாம்னு இருந்த?"

வேடியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. "அதான் பாய், பஸ்ஸுல வளைவுக்கு வளைவு யோசிச்சுக்கினே வந்தேன். ஒண்ணும் வரல. ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு."

"இன்னா?"

"எங்க வூட்டுல சாப்புடுவாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பாய். கீழருந்து வர்ற ஏவாரிங்க வெயில்லயே நிப்பாங்க. தராசைத் தூக்குவாங்க, போயிடுவாங்க. தண்ணிகூட பாட்டில்ல எடுத்தாருவாங்க. நீங்கதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, சோத்தைப் போடுன்னு கேட்டீங்க."

"பசிச்சுதுடா" என்றார் பாய். "பசிச்சா கேக்காம?"

"அத்தான் சொல்றேன்."

இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். பாய்க்குச் சாமைச் சோற்றின் ஆவியும் மொச்சைக் குழம்பும் ஞாபகம் வந்தன. புகை படிந்த கூரையும், 'பாய்க்கு இன்னும் கொஞ்சம் போடு' என்ற குரலும் வந்தன. அதை அவர் ஒரு காலத்திலும் கணக்கில் வைத்ததில்லை. யாராவது கேட்டிருந்தால்கூடச் சொல்லத் தோன்றியிருக்காது. முதல் ஆளுக்கு அது பசி. இரண்டாவது ஆளுக்கு, வீட்டுச் சாப்பாடு மிச்சமாகிறதே என்கிற எரிச்சல். எதிரே உட்கார்ந்து பரிமாறின ஆளுக்குத்தான் அது வேறு என்னவோ. மூணாவது ஆளை அவர் தப்பான கடையில் தேடியிருக்கிறார்.

டம்ளரை வைத்துவிட்டு சென்னைக்குப் போன் போட்டார்.

"யாரு?" என்றாள் கலையரசி.

"ஜலீல் பேசறேம்மா. தேன்கடை."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் போனது மலைக்கு. பஸ்ஸுல போனேன், பஸ்ஸுலயே வந்துட்டேன். எழுதினவன் மேல தப்பில்ல, சொன்னவன் நான்தான். அந்த எழுத்து வேணாம். வேற ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. 'எங்க வூட்டுல சாப்புடுவாரு.' கீழ வேடியப்பன், வெள்ளிமலைன்னு போட்டுக்குங்க."

"சார், நூறு வார்த்தை கேட்டோம்" என்றாள் கலையரசி.

"மிச்சமெல்லாம் பாகும்மா."

"எம்.டி.கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல சார். இல்லாதவர் கதைன்னுதான் எல்லாக் கடைக்கும் ஓகே பண்ணாரு. இருக்கறவர்னா… தெரியல சார். அந்த லேபிளெல்லாம் வேற அடிச்சு வந்துடுச்சு."

"பத்திரமா எடுத்து வைங்கம்மா" என்றார் பாய். "வீணாப் போவாது."

எம்.டி. எல்லாக் கடைக்கும் என்றதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு கடைக்கு மட்டும் கொடுத்தார். நாலைந்து டின்கள் நகர்ந்தன. பாய் நாற்காலியைக் கடைக்குள் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. மற்ற டின்கள் நின்றன, தேன் கெடவில்லை. அந்தக் கடையில் பாட்டில் வாங்கினவர்கள் இதென்ன வரி என்று கேட்டுக் கலையரசிக்குப் போன் செய்தார்களாம். ஒருவர் மட்டும் கேட்காமல், மலைக்கே கிளம்பி வந்து வேடியப்பன் வீடு எது என்று விசாரித்து, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். தேன் வாங்க மறந்துவிட்டார்.

மாலை வீணாகவில்லை. ஷாஜாதி அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், சாயங்காலம் வேடியப்பன் ஏறிய வெள்ளிமலை பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேல் கட்டிவிட்டார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் புது பஸ் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பஸ் ரோஜா மாலையோடு மலையேறியது. மறுநாள் காலையில் இறங்கியும் வந்தது.

அப்துல் ஜலீல் பாயைக் கள்ளக்குறிச்சியில் அடக்கம் செய்தது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். சுபுஹானுக்கு அப்போது மூன்று வயது. நீங்கள் வைத்துக்கொண்ட கால் அணைச் சந்தேகத்தை இதற்குச் செலவு செய்யலாம்.